அதிசயத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில், மகேஸ்வரி உத்யானத்தை ஒட்டிய நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளில் நுழைவுத்தேர்வு வழிகாட்டிகளையும் காமிக்ஸ் கட்டுகளையும் விலக்கிப் பார்த்தால் சூலமும் வில்லும் போட்ட அட்டைகள் வரிசையாகத் தென்படும். சிவன், ராமன், கர்ணன், ராவணன், சீதை, அசுவத்தாமன் என்று ஒரு பாத்திரமும் பாக்கியில்லை. கடந்த இருபது ஆண்டுகளில் இந்திய ஆங்கிலத்தில் பெருகி, மொழிபெயர்ப்பாகத் தமிழுக்கும் வந்து சேர்ந்த புராண மிகுபுனைவு நாவல்கள் இவை. முதல் நாவலைப் படித்து முடித்த கல்லூரிப் பிள்ளையிடம் கேட்டால் ‘புதுசா இருக்கு’ என்று கண்கள் மின்னச் சொல்வார். ஐந்தாறு படித்தவரிடம் கேட்டால் ‘எல்லாம் ஒரே மாதிரிதான்’ என்பார். இருவர் சொல்வதும் உண்மை. ஒரே வகை எழுத்து இவ்வளவு சீக்கிரம் எப்படிப் பழசானது என்று பார்த்தால், மிகுபுனைவில் புதுமை எங்கிருந்து வருகிறது என்பதும் பிடிபடும்.

இந்த வகைக்கு மும்பையைத் தாய்வீடு என்றே சொல்லலாம். இங்கே பிறந்த அசோக் பேங்கர் 2003இல் ராமாயணத்தைத் தொடர் நாவல்களாக எழுத ஆரம்பித்தார். செம்பூரில் பள்ளிப்படிப்பை முடித்து மருத்துவம் பயின்ற தேவ்தத் பட்நாயக், புராணங்களுக்கு விளக்கம் எழுதிப் பெயர்பெற்றவர். கருவுற்ற ஓர் அரசனைப் பற்றிய ஆங்கில நாவலை 2008இல் வெளியிட்டார். நிதித்துறையில் வேலை பார்த்த அமீஷ் திரிபாதி 2010இல் சிவனை நாயகனாக்கி எழுதிய நாவல், ‘மெலூஹாவின் அமரர்கள்’ என்ற பெயரில் தமிழிலும் வந்தது. பதிப்பகங்கள் பலவும் திருப்பி அனுப்பிய பிறகு சொந்த முயற்சியில் அச்சேறிய நூல் அது. முதல் அத்தியாயத்தை மட்டும் தனியாக அச்சிட்டுப் புத்தகக் கடைகளில் இலவசமாகக் கொடுத்தார்கள். படித்தவர்கள் திரும்பி வந்து முழு நூலையும் வாங்கினார்கள்.

அந்த வெற்றியை வெறும் விற்பனைத் தந்திரம் என்று ஒதுக்கிவிடுவது அநியாயம். அதற்கு முன் நம் ஊர்ப் பிள்ளைகள் படித்த மிகுபுனைவில் பெரும்பகுதி கப்பலேறி வந்தது. ஆங்கில எழுத்தாளர் டோல்கின் 1954, 55ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளியிட்ட மோதிரக் கதையின் பனிமலைகளும் எல்ஃப்களும் குள்ளர்களும், அவரைப் பார்த்து எழுதியவர்களின் கைகளில் வாடகைச் சாமான்களாக ஊர்ஊராகச் சுற்றின. நம் வெயிலோ புழுதியோ இல்லாத உலகம் அது. அமீஷ் அந்தச் சாமான்களை அப்புறப்படுத்தினார். சூலம், நாகர், சோமரசம் என்றால் நம் வாசகனுக்கு அருஞ்சொற்பொருள் தேவையில்லை. பாட்டியிடமிருந்தும் அமர் சித்ர கதையிலிருந்தும் அவன் ஏற்கெனவே கற்றுவைத்திருக்கிறான். உலகத்தை விளக்கவே முதல் நூறு பக்கத்தைச் செலவிடும் கட்டாயத்திலிருந்து எழுத்தாளர் தப்பித்தார். தப்பித்த இடத்தில், மானசரோவர்க் கரையில் ஒரு குடித்தலைவனாக, தோள்பட்டை இறங்கியவனாக, உறைபனியில் கால்விரல் செத்தவனாக, தான் கடவுளா என்ற சந்தேகம் உள்ளவனாகச் சிவனை நிறுத்தினார். கோயிலில் கும்பிட்ட ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேசுவதைப் போன்ற அந்த உணர்வு 2010இல் நிஜமாகவே புதிது. அதுவரை நாவலே படிக்காத பலர் அந்தப் புத்தகத்தால் வாசகர்களானார்கள். இலக்கிய விமர்சகர்கள் இந்தக் கடனை ஒப்புக்கொள்வதில் அதிகக் கஞ்சத்தனம் காட்டிவிட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

புராணத்தை எடுத்து எழுதுபவர்கள்மீது வழக்கமாகச் சொல்லப்படும் குற்றச்சாட்டு, முடிவு முன்கூட்டியே தெரிந்த கதையில் என்ன சுவாரசியம் இருக்க முடியும் என்பது. இதை நான் ஏற்கவில்லை. மாட்டுங்காவில் ஆஸ்திக சமாஜத்திலோ பஜன சமாஜத்திலோ ஓர் உபன்யாசத்துக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள். சபையில் இருக்கும் அத்தனை பேருக்கும் கதை தெரியும். பாலகாண்டத்தில் தொடங்கினால் பட்டாபிஷேகத்தில்தான் முடியும் என்பதும் தெரியும். ஆனாலும் மாமிகள் முன்வரிசைக்கு இடம் பிடிக்கிறார்கள். அவர்கள் காத்திருப்பது கிளைக்கதைக்கு. பரதனின் பாதுகைகள் பதினான்கு வருஷம் சிம்மாசனத்தில் இருந்தனவே, தினமும் அவற்றைத் துடைத்து வைத்தது யார் என்று உபன்யாசகர் ஒரு கேள்வி போடுவார். சபை நிமிர்ந்து உட்காரும். கதை ஓர் அங்குலம்கூட நகரவில்லை. ஆனால் இதுவரை யாரும் எட்டிப்பார்க்காத ஓர் அறையின் கதவு திறந்துவிட்டது. தெரிந்த முடிவால் கதை கெடுவதில்லை. எந்த அறையும் திறக்காமல் நேரே முடிவுக்கு ஓடினால்தான் கெடுகிறது.

அமீஷுக்குப் பின்னால் வந்த நாவல்களில் பெரும்பாலானவை அப்படி ஓடியவை. ஒரு புராணப் பாத்திரத்தை எடுத்துக்கொள், அவருக்கு ஒரு ரகசிய அமைப்பை எதிரியாக வை, அஸ்திரத்தை ஆயுதத் தொழில்நுட்பமாக மாற்று, அத்தியாயத்துக்கு ஒரு சண்டை போடு. சிவனுக்குப் பதில் கர்ணன், கர்ணனுக்குப் பதில் அசுவத்தாமன். பெயரை மாற்றிவிட்டால் புத்தகங்களுக்குள் வித்தியாசம் தெரியாது. முதல் நாவலின் புதுமை, யாரும் கால்வைக்காத நிலத்தில் முதலில் கால்வைத்ததன் புதுமை. அது ஒருமுறை மட்டுமே கிடைக்கக்கூடியது. பின்னால் வந்தவர்கள் அந்த நிலத்தில் என்ன பயிரிடலாம் என்று யோசிக்காமல் அதே காலடித் தடத்திலேயே நடந்தார்கள்.

ஆனால் முதல் நாவலிலேயே ஒரு கோளாறு இருந்தது. சோமரசத்தையே எடுத்துக்கொள்வோம். மெலூஹா நாட்டில் சிவனுக்கும் அவன் கூட்டத்தாருக்கும் அதைக் குடிக்கக் கொடுக்கிறார்கள். மற்றவர்கள் காய்ச்சலில் வேர்த்துக் கொட்ட, சிவனின் தொண்டை குளிர்ந்து நீலமாகிறது. செத்த விரலும் இறங்கிய தோளும் சரியாகின்றன. அருமையான காட்சி. பிறகு பிரஹஸ்பதி என்ற விஞ்ஞானி வந்து, உடலில் சேரும் ஆக்ஸிஜன் நச்சுகளைச் சோமரசம் எப்படி வெளியேற்றுகிறது என்று பாடம் நடத்துகிறார். நீலகண்டம் என்ற ஆதி அதிசயம் அந்தப் பக்கத்தில் ஆரோக்கிய மாத்திரை விளம்பரமாகச் சுருங்குகிறது. புராணத்துக்கு அறிவியல் சான்றிதழ் வாங்கித் தரும் இந்த ஆசை இந்த வகை எழுத்து முழுவதையும் பிடித்த நோய். நம் முன்னோர் சொன்னதெல்லாம் விஞ்ஞானம் என்று வாசகனைப் பெருமைப்படவைக்கலாம். ஆனால் பெருமையும் வியப்பும் வேறுவேறு. வியப்பு நம்மைச் சிறியவராக்கிவிட்டு உலகத்தைப் பெரிதாக்கும். பெருமிதம் நம்மைப் பெரிதாக்கிக்கொண்டு உலகத்தைச் சிறிதாக்கும்.

அதே சோமரசம் மூன்றாம் பாகத்தில் வேறு ரூபம் எடுக்கிறது. 2013இல் வந்த அந்த நாவலில், ஆயுளை நீட்டிக்கும் அந்தப் பானத்தைத் தயாரிக்கச் சரஸ்வதி நதியின் தண்ணீர் உறிஞ்சப்படுகிறது. தயாரிப்பில் மிஞ்சும் நச்சுக்கழிவு சாங்போ ஆற்றில் கொட்டப்பட்டு, அது பிரம்மபுத்திராவாகக் கீழே இறங்கும் இடத்தில் பிரங்கா நாட்டு மக்களைக் கொள்ளைநோயாகத் தாக்குகிறது. குடிப்பவர்கள் மேட்டில் இருக்கிறார்கள், சாகிறவர்கள் பள்ளத்தில் இருக்கிறார்கள். இந்த இடத்தில் அமீஷின் கற்பனை உண்மையிலேயே உயர்கிறது. செம்பூரில் வசிப்பவனுக்கு இதை விளக்கவே வேண்டாம். டிராம்பேயின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் உரத்தொழிற்சாலைக்கும் பக்கத்து மாஹுலில், நகரத்தின் வேறு மூலைகளில் குடிசை இடிக்கப்பட்டவர்களைக் கொண்டுவந்து அடுக்குமாடிகளில் வைத்தார்கள். அங்கத்திய காற்று குறித்த வழக்குகள் பசுமைத் தீர்ப்பாயத்துக்கும் மும்பை உயர்நீதிமன்றத்துக்கும் போயின. நகரத்துக்கு வேண்டிய பெட்ரோலின் கழிவு யார் மூச்சில் போய்ச் சேருகிறது என்ற கேள்வியைத்தான் அந்த மூன்றாம் பாகம் புராண காலத்தில் வைத்துக் கேட்கிறது.

ஒரே பொருள், ஒரே எழுத்தாளர். விளக்கம் சொல்லும்போது தட்டையாகவும் விலை சொல்லும்போது ஆழமாகவும் இருக்கிறது. என் கருத்தின் மையம் இதுதான். அதிசயம் எப்படி நடக்கிறது என்று சொல்வதால் மிகுபுனைவு புதிதாவதில்லை. அதிசயம் நடந்த பிறகு யார் என்ன கொடுக்க வேண்டியிருக்கிறது, யாருடைய அன்றாடம் எப்படி மாறுகிறது என்று கடைசிவரை பின்தொடர்ந்து போகும் எழுத்தாளரிடம்தான் புதுமை தானாக வந்து சேர்கிறது. அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குயின் 1968இல் படைத்த தீவுலகத்தில் மந்திரவாதிகள் மழை பெய்ய வைக்கவே தயங்குகிறார்கள்; ஒரு தீவில் பொழிந்தால் இன்னொரு தீவில் வறட்சி வரலாம். அந்தத் தயக்கத்தாலேயே அவருடைய மந்திரவாதிகள் ஐம்பதாண்டு கழித்தும் பழசாகவில்லை.

தேவ்தத் பட்நாயக்கின் நாவலை நான் உயர்த்திப் பிடிப்பதும் இதனால்தான். யுவனாஸ்வன் என்ற அரசன் தன் மனைவியருக்காக மந்திரித்து வைத்த நீரைத் தவறுதலாகக் குடித்துக் கருவுறுகிறான். மூலக்கதை நான்கு வரியில் முடிந்துவிடும். மாந்தாதா என்ற பிள்ளை பிறந்தான், பெரிய சக்கரவர்த்தியானான் என்று புராணம் அடுத்த வம்சத்துக்குப் போய்விடும். நாவலாசிரியர் போகவில்லை. நின்று கேட்கிறார். பெற்றவன் அந்தப் பிள்ளைக்கு அப்பாவா, அம்மாவா? பெற்ற வயிற்றுக்காரன் தர்மாசனத்தில் உட்கார்ந்து, ஆணுக்கு ஒரு நீதி பெண்ணுக்கு ஒரு நீதி என்று தீர்ப்புச் சொல்ல முடியுமா? தன் மகன் தன்னை ஒருமுறையாவது அம்மா என்று கூப்பிடமாட்டானா என்ற ஏக்கத்தை எந்த மந்திரியிடம் சொல்வது? நடையில் அங்கங்கே விரிவுரையாளரின் குரல் தலைகாட்டுகிறது. பாத்திரங்கள் சில வேளை கருத்துகளாக நிற்கின்றன. இருந்தாலும், ஓர் அதிசயத்தின் பின்விளைவை அரண்மனை முழுக்கத் துரத்திப் போகும் அந்தத் துணிச்சலுக்கு ஈடாக, ஆயிரம் அஸ்திரங்கள் பறக்கும் நாவல்களில் ஒன்றையும் என்னால் சொல்ல முடியவில்லை. விற்பனையில் அது மெலூஹாவின் பக்கத்தில்கூட வரவில்லை.

தமிழில் இந்த வித்தையை எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஒருவர் செய்து காட்டிவிட்டார். புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய ‘சாபவிமோசனம்’ அகலிகை கல்லிலிருந்து பெண்ணான பிறகு என்ன ஆனது என்று பின்தொடர்ந்து போகிறது. சாபம் நீங்கியது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நீங்கிய பிறகு அவள் எந்த முகத்தோடு அக்கம்பக்கத்தில் நடமாடினாள், கௌதமனால் மனசுக்குள்ளும் மன்னிக்க முடிந்ததா என்று எவரும் கேட்கவில்லை. வனவாசம் முடிந்து வரும் சீதை, தான் தீக்குளித்ததைச் சொல்கிறாள். தன்னை மீட்டவனே இதைக் கேட்டானா என்று அகலிகைக்குத் தாளவில்லை; மறுபடியும் கல்லாகிறாள். மூலக்கதையின் சம்பவம் ஒன்றைக்கூட மாற்றாமல், இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த மாத்திரத்தில் முழு ராமாயணமும் அதிர்கிறது. ரகசிய அமைப்பு இல்லை, அணுகுண்டு அஸ்திரம் இல்லை. சிறுகதை அளவுதான். அதே ஆண்டில் வந்த ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் பிராட்வே முனையில் இறங்கிய கடவுளிடம் காப்பிக்குப் பில் வருகிறது, வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தா கேட்கப்படுகிறது. வரம் தர வந்தவர் செலவு செய்ய நேர்கிறது.

மும்பையில் நெடுங்காலமாக வாழும் அம்பையின் ‘அடவி’ இதே வழியில் இன்னும் ஓர் அடி வைத்தது. வியாபாரக் குடும்பத்துப் பெண் ஒருத்தி வீட்டை விட்டுக் காட்டு விடுதிக்குப் போய்ச் சீதையின் கதையைத் தானே எழுத உட்காருகிறாள். அவள் எழுதும் சீதை காட்டில் தங்கிவிடுகிறாள். ராவணனிடம் வீணை கற்றுக்கொள்கிறாள். போர் முடிந்த பிறகு மிச்சமிருக்கும் காலத்தை ஒரு பெண் எதைக்கொண்டு நிரப்புவாள் என்ற கேள்விக்கு இசை பதிலாகிறது. இன்றைய பெண்ணின் தனிமையும் அன்றைய பெண்ணின் தனிமையும் ஒரே கதைக்குள் இருப்பதால், புராணம் பழங்காலத்துச் சரித்திரமாக விலகி நிற்காமல் விடுதி அறையின் மேஜைமேலேயே இருக்கிறது.

பெரிய அளவில், முழு நாவலாக, தமிழில் நடந்த முயற்சி என்றால் ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’. 1997இல் வந்தது. அதன் புதுமை முதலில் கட்டுமானத்தில் இருக்கிறது. ஸ்ரீபாதம், கௌஸ்துபம், மணிமுடி என்று மூன்று பகுதி, காலவரிசை கலைந்திருக்கும். முதல் பகுதியில் திருவிழாக் கூட்டத்தில் பக்திக் கதையாகக் கேட்ட ஒன்று, இரண்டாம் பகுதியில் அது நடந்த காலத்துக்கே போகும்போது முற்றிலும் வேறாக இருக்கிறது. மனிதர்கள் ஐதீகமாகும் முறையைப் படிப்பவனே கண்டுபிடிக்கிறான். கருவறையில் கிடக்கும் மாபெரும் கரிய சிலையை வைதிகர் விஷ்ணு என்கிறார்கள். மலைக்குடியினரோ அது தங்கள் பெருமூப்பன் என்று நினைவு வைத்திருக்கிறார்கள். ஒரு கடவுளுக்குள் இன்னொரு சனத்தின் மூதாதை புதைந்து கிடக்கிறார். இப்படி ஒரு உலகத்தை இங்கிருந்து மட்டுமே எழுத முடியும். குறையும் உண்டு. தத்துவ விவாதங்கள் நீளும் நடுப்பகுதியில் உழைக்கும் வாசகன்கூடத் திணறுகிறான். பெண்கள் பெரும்பாலும் ஆண்களின் தேடலுக்குத் தூண்டுதலாகவோ தடையாகவோ வந்துபோகிறார்கள். மூதாதையைப் பறிகொடுத்த மலைச்சனங்களின் குரல், பறித்தவர்களின் குரல் அளவுக்கு நமக்குக் கேட்பதில்லை.

பறிகொடுத்தவர் பக்கம் நிற்பது என்றால் உடனே தாராவி நினைவுக்கு வரும். 2018இல் வெளியான பா. ரஞ்சித்தின் ‘காலா’ சினிமாதான்; ஆனால் நம் விஷயத்துக்கு அதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடையாது. தாராவி நிலத்தைக் கேட்கும் ஹரி தாதாவின் வீட்டில் ராமாயணம் வாசிக்கப்படுகிறது. அந்த வாசிப்போடு பின்னிப்பின்னித் தாராவிமேல் தாக்குதல் காட்டப்படுகிறது. அதில் இறந்த நாயகன் காலா பிறகு கூட்டத்தில் எல்லா முகங்களிலும் தெரிகிறான். ராவணனின் தலை வெட்ட வெட்ட முளைக்கும் என்ற பழைய அதிசயம், ஒரு சனத்தின் எண்ணிக்கையாக மாறிவிடுகிறது. கருப்பும் சிவப்பும் நீலமும் திரையை மூடும்போது தியேட்டரில் இருந்த தாராவிக்காரர்களுக்கு அது மிகுபுனைவாகவே தெரிந்திருக்காது.

ஆனால் இதையே ஒரு சூத்திரமாக எடுத்துக்கொள்ளும் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். ராவணனை நாயகனாக்குவது தமிழுக்குப் புதிதல்ல. புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’ 1946இலேயே வந்துவிட்டது, அரசு அதைத் தடைசெய்தும் வைத்திருந்தது. அந்தக் காலத்தில் அது ஒரு கலகம். இன்று ஆங்கில நாவல் சந்தையில் வில்லனை நாயகனாக்குவது ஒரு தனிப் பிரிவாகவே ஆகிவிட்டது. சிம்மாசனத்தில் ஆள் மாறுகிறார், சிம்மாசனம் அப்படியே இருக்கிறது. அதே வீரம், அதே விதி, அதே ஒற்றை நாயகன். இலங்கையில் அரக்கர் வீட்டில் சமைத்தவள் யார், அனுமன் வைத்த தீயில் எந்தத் தெரு முதலில் எரிந்தது என்று அந்த நாவல்களிலும் யாரும் கேட்பதில்லை. ‘காலா’ தப்பித்தது, கடைசியில் நாயகனைக் கூட்டத்துக்குள் கரைத்துவிட்டதால்.

நகரத்தில் அதிசயம் எப்படி நடமாட வேண்டும் என்பதற்கு மும்பைக்கே சொந்தமான பாடம் ஒன்று இருக்கிறது. சல்மான் ருஷ்டி 1981இல் எழுதிய ‘நள்ளிரவின் குழந்தைகள்’. சுதந்திரம் பிறந்த நள்ளிரவு மணியில் பிறந்த ஆயிரத்தொரு பிள்ளைகளுக்கு அபூர்வ சக்திகள். பன்னிரண்டு மணிக்கு எவ்வளவு நெருக்கத்தில் பிறந்தார்களோ அவ்வளவுக்குச் சக்தி அதிகம். நாயகன் சலீமின் சக்தி, நாட்டிலுள்ள அத்தனை பேர் மனசுக்குள்ளும் புகுந்து கேட்பது. அது எங்கே தங்கியிருக்கிறது என்று பாருங்கள். அவன் எப்போதும் அடைத்துக்கொண்டு ஒழுகும் மூக்கில். அழுக்குத்துணிப் பெட்டிக்குள் ஒளிந்திருந்தபோது பைஜாமா நாடா மூக்கில் ஏறியதில் தொடங்கும் அந்தச் சக்தி, பெற்றோர் சைனஸ் ஆபரேஷன் செய்துவிட்டதோடு வடிந்துபோகிறது; பதிலுக்கு மோப்பசக்தி வருகிறது. பம்பாயின் ஈரக்காற்றில் வளர்ந்த ஒரு பிள்ளைக்கு இதைவிட நம்பகமான மந்திரம் கிடையாது. யாரும் எங்கும் எழுதியிராத ஓர் அதிசயத்துக்கு அவர் எந்தப் புராணத்தையும் தேடிப்போகவில்லை, உடம்பைத் தேடிப்போனார்.

அண்மையில் வந்தவற்றில் என்னை உலுக்கியது, கொழும்பைச் சேர்ந்த வஜ்ர சந்திரசேகர ஆங்கிலத்தில் எழுதி 2023இல் வெளியாகி நெபுலா விருது பெற்ற நாவல். ஒளிரும் கதவுகளின் துறவியைப் பற்றியது. நாயகன் பிறந்தவுடன் அவன் நிழலைத் தாய் ஆணியால் பிய்த்தெடுத்துவிடுகிறாள். நிழல் இல்லாததால் அவன் கால் தரையில் பாவாமல் மிதக்கிறது. மற்றவர்களைப் போல நடப்பதற்கே அவன் பாடுபட வேண்டும். புத்தர் கதையின் நிழல் படிந்த ஒரு மகானே அவன் தந்தை. அவரைக் கொல்வதற்காகவே வளர்க்கப்பட்ட பிள்ளை, பெருநகரத்துக்கு வந்து, தன்னைப் போலவே ஏதோ ஒரு தெய்வத்தால் தேர்ந்தெடுக்கப்பட்டுக் கைவிடப்பட்டவர்களின் கூட்டத்தில் வாராவாரம் உட்கார்ந்து மனசைக் கொட்டுகிறான். மிகுபுனைவில் அடிபட்டுத் தேய்ந்த சரக்கு என்றால் ‘தேர்ந்தெடுக்கப்பட்ட நாயகன்’தான். தேர்ந்தெடுக்கப்பட்டு வேலைக்கு ஆகாமல் போனவர்கள் வாடகை எப்படிக் கொடுப்பார்கள் என்று கேட்டதும் அந்தத் தேய்ந்த சரக்கே புதிதாகிவிடுகிறது. அந்த நகரத்தில் மக்களை இனவாரியாக, வகைவாரியாகப் பிரித்து அட்டை கொடுக்கும் அரசும் இருக்கிறது, முகாம்களும் இருக்கின்றன. இலங்கையின் கடந்த நாற்பது ஆண்டுகளை அறிந்த தமிழ் வாசகர்கள் அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்ட மாட்டார்கள்.

தமிழில் எழுதுபவருக்கு இன்னொரு தடை மொழியில் இருக்கிறது. ராஜா என்று எழுதியதும் பேனா தானாகக் கல்கியின் அரண்மனைத் தமிழுக்குப் போய்விடுகிறது. இல்லாவிட்டால் டப்பிங் படத் தமிழுக்குப் போகிறது. லெ குயின் 1973இல் எழுதிய ஒரு கட்டுரையில், மாயதேசத்துப் பிரபுக்களின் உரையாடலில் நான்கைந்து சொல்லை மாற்றினால் அது வாஷிங்டன் அரசியல்வாதிகளின் பேச்சாகிவிடும் என்று காட்டி, நடை கெட்டால் உலகமே கெட்டது என்று வாதாடினார். மெலூஹாவிலும் அதுவே நடக்கிறது. தளபதிகள் போர்த்திட்டம் பேசும்போது நரிமன் பாயிண்ட் அலுவலகக் கூட்டத்தின் சத்தம் கேட்கிறது. எளிய பேச்சு கூடாது என்று நான் சொல்லவில்லை. எளிய பேச்சு யாராவது ஒருவருடைய பேச்சாக இருக்க வேண்டும்.

அப்படி ஒரு பேச்சு தாராவியில் உயிரோடு இருக்கிறது. நெல்லைச் சீமையிலிருந்து தோல்பதனிடும் வேலைக்கும் கூலிவேலைக்கும் வந்த சனங்களின் பேரப்பிள்ளைகள் பேசும் தமிழில் கோலி (ஒற்றை அறை), நாக்கா (தெருமுனை), பகடி (குடியிருப்பு முன்பணம்) போன்ற மும்பைச் சொற்கள் கலந்துவிட்டன, ‘ஏலே’யும் விட்டுப்போகவில்லை. வரும்போது அவர்கள் சுடலைமாடனையும் இசக்கியையும் மனசில் தூக்கிக்கொண்டு வந்தவர்கள். வில்லுப்பாட்டில் வரும் நீலி கதையைக் கவனியுங்கள். கொல்லப்பட்டவள் பேயாகத் திரும்பி வருகிறாள். கள்ளிக் கொப்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறாள். அந்தக் குழந்தை கொலைகாரனைப் பார்த்து அப்பா என்கிறது. ஊர்ப் பெரியவர்கள் எழுபது பேரும் அவள் பேச்சை நம்பி, அவனுக்குத் தீங்கு வந்தால் தங்கள் உயிரைத் தருவதாக வாக்குக் கொடுக்கிறார்கள். மறுநாள் கொடுத்த வாக்குக்காகத் தீயில் இறங்குகிறார்கள். மந்திரத்துக்கு வேண்டியது ஒரு கள்ளிக்கொப்பு மட்டும். விலையோ எழுபது உயிர். ஒரு பெண்ணுக்கு நடந்த கொடுமைக்கு நியாயம் கிடைக்கும்போது ஊரே காலியாகிறது, நியாயம் சொன்னவர்களே பலியாகிறார்கள். எந்த நவீன மிகுபுனைவும் பொறாமைப்படும் கணக்கு இது.

இந்தக் கணக்கைத் தெரிந்த ஒருவர் இன்றைய தாராவியைப் பார்த்தால் கதை தேடி மெலூஹாவுக்குப் போகமாட்டார். மறுசீரமைப்புக்காக 2024இல் வீடுவீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கிக் கதவுகளில் எண் எழுதினார்கள். 2000 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பதாகக் காகிதம் காட்டினால் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதே சுவருக்கு மேலே, இரும்பு ஏணி ஏறிப் போகும் மாடிக் கோலியில் அதே இருபத்தைந்து ஆண்டுகளாக இருந்தாலும் அந்தச் சலுகை கிடையாது. ஏணியின் கீழ்ப்படியில் நிற்பவன் இருக்கிறான். மேல்படிக்குப் போனவன் இல்லை. அதிசய உலகத்துக்கு வேண்டிய தேதியும் எல்லைக்கோடும் கதவில் எழுதிய எண்ணும் இங்கே தயாராக இருக்கின்றன. நிழலைப் பிய்த்த ஆணிக்குச் சமமான ஒன்றை அந்த ஏணிப்படியில் கண்டுபிடித்து, மாடியில் இருக்கும் தையல்காரன் காணாமல் போகும்போது கீழ்வீட்டுக்காரி எதை இழக்கிறாள் என்று கடைசிவரை பின்தொடர்வது நாவலாசிரியரின் வேலை. காலாவுக்குக் கிடைத்தது இரண்டரை மணிநேரச் சொச்சம். அதில் ஒரு தலைவனைத்தான் காட்ட முடிந்தது. நாவலுக்கு ஐந்நூறு பக்கம் இருக்கிறது. மாடிக்காரர்கள் அத்தனை பேரையும் பெயர் சொல்லி அழைக்க அது போதும்.